ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரில் கவனம் தேவை

ஊர்ப் பெயரில் 'உப்பிலி' இருந்தாலும் கிணற்று நீரில் உப்பு இருக்கக் கூடும். எனவே உப்பிலியபுரம் வட்டார விவசாயப் பெருமக்கள் ஆர்.ஓ. கருவி வாங்குமுன், திருச்சியிலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நலம். கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், உப்பை நீக்குவதற்கென்று இக்கருவி தேவையில்லை.

மெல்லிய சவ்வின் இருபுறமும் நீர் இருந்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்வது இயற்கை. பயிரின் வேர் நீரை ஈர்ப்பதும் இம்முறையில்தான். கருவியில் பம்பின் அழுத்தத்தால் இதைத் தலைகீழாக்குகிறோம். முன் வடிகட்டிகள் மண்ணையும் குளோரினையும் நீக்கிய பின், நீர் சவ்வின் வழியே தள்ளப்படுகிறது. நீர் ஊடுருவும், உப்பில் பெரும்பகுதி பின்தங்கும். 1960-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வே இதற்கு வழி திறந்தது.

பின்தங்கிய உப்பு எங்கே போகிறது? கழிவு நீரில்தான். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள 100 லிட்டர் நீரிலிருந்து 30 லிட்டர் குடிநீர் எடுத்தால், மீதி 70 லிட்டரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 2,800 மில்லிகிராமாக உயரும். இதைத் தினமும் வெங்காயம், அவரைப் பாத்திகளில் விட்டால் உப்பு மண்ணில் படிந்து விளைச்சல் குறையும். கோடையில் கேடு அதிகம்.

கழிவு நீரைக் கிணற்றிலும் விடலாகாது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். மரங்களுக்கு விட விரும்புவோர், மண் பரிசோதனை நிலையத்தில் அந்நீரையும் தோட்ட மண்ணையும் பரிசோதித்த பின்னரே விட வேண்டும்.