கியர் மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு

பந்தயக் கார்களில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒரு சிறு சிவப்பு விளக்கு பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினின் வேகம் குறித்த அளவை எட்டியதும் அது எரியும். ஓட்டுநர் உடனே அடுத்த கியருக்கு மாறுவார். முள் நகரும் சுற்றுமானியும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. ஆனால் முள்ளைப் படிப்பதற்குச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். விளக்கு ஓரக்கண்ணில் பட்டாலே போதும்.

எஞ்சினை அளவு மீறிச் சுழலவிட்டால் என்ன? பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்புகிறது. அப்படி அதை நிறுத்தித் திருப்பும் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. நிமிடத்திற்கு 5000 சுற்றிலிருந்து 6000 சுற்றுக்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, விசையோ 1.44 மடங்காகிறது. இணைப்புத் தண்டும் அதன் போல்ட்டுகளும் இதைத் தாங்கியாக வேண்டும். வால்வுகளை மூடும் சுருள்வில்லும் ஓர் எல்லைக்கு மேல் ஈடுகொடுக்காது.

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய மாருதி 800 போன்ற வண்டிகளில் சுற்றுமானி இருப்பதில்லை. அத்தகைய வண்டிக்கு இந்த விளக்கைக் குறைந்த செலவில் நீங்களே செய்து பொருத்தலாம். வேகத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். தீப்பொறிகளை எண்ணினால் போதும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. மாருதி 800க்கு மூன்று சிலிண்டர்கள். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் பொறி. 5000 சுற்று என்றால் நொடிக்கு 125 பொறிகள்.

பொறிகளை எண்ணும் வேலையை எட்டுக் கால்கள் உள்ள எல்.எம். 2917 என்னும் ஐ.சி. செய்கிறது. அது வேலை செய்யும் விதம் ஓட்டைக் குடத்தில் உழக்கால் நீர் ஊற்றுவது போன்றது. ஒவ்வொரு பொறிக்கும் ஓர் உழக்கு மின்னூட்டம் ஊற்றப்படுகிறது. குடத்தின் ஓட்டை வழியே அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஊற்றும் வேகம் கூடினால் நீர்மட்டம் உயரும். குறித்த கோட்டைத் தொட்டதும் விளக்கு எரியும். 2ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே வைக்கும் 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கிதான் உழக்கு. 3ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி குடம். அதனோடு பக்க இணைப்பாக 100 கிலோ ஓம் மின்தடையையும் 220 கிலோ ஓம் ப்ரீசெட்டையும் தொடராக இணையுங்கள், இதுவே ஓட்டை.

சாவி போட்டதும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து ஒரு ஃபியூஸ், 470 ஓம் மின்தடை வழியாக 6ஆம் காலுக்கு மின்சாரம் கொடுங்கள். 6ஆம் காலுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகள். அவற்றின் நடுப்புள்ளி 7ஆம் காலுக்கு. 4ஆம் காலும் 8ஆம் காலும் தரைக்குப் போகும். ஃபியூஸுக்கு அடுத்த முனையிலிருந்து 560 ஓம், அடுத்து சிவப்பு எல்.இ.டி., அதிலிருந்து 5ஆம் கால். பாட்டரி 12 வோல்ட்டில் இருந்தாலும், வண்டி ஓடும்போது 14 வோல்ட்டுக்கு ஏறினாலும், ஐ.சி.க்குள் உள்ள ஜீனர் அதைச் சுமார் 7.5 வோல்ட்டில் நிறுத்திவிடும்.

இக்னிஷன் காயிலின் எதிர்முனையைக் கவனமாகக் கையாளுங்கள். பொறி விழும் நொடியில் அங்கே சில நூறு வோல்ட் துள்ளும். ஆகவே அரை வாட் அளவுள்ள இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து அந்தத் துள்ளலைப் பங்கிட வேண்டும். அதன் பின் தரைக்கு ஒரு 15 வோல்ட் ஜீனரும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், அங்கிருந்து 0.47 மைக்ரோஃபாரட் வழியாக 1ஆம் காலுக்கு. அக்காலிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். பிளக்குக்குப் போகும் தடித்த கம்பியை ஒருபோதும் தொடாதீர்கள். அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

அளவு திருத்தத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம் வீட்டு மின்சாரமே நல்ல கடிகாரம். அது நொடிக்கு 50 சுழற்சி. 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் வெளிமுனையில் நான்கு டையோடுப் பாலம் அமைத்து, மின்தேக்கி வைக்காமல், 1 கிலோ ஓம் சுமை மட்டும் வையுங்கள். நொடிக்கு 100 துடிப்புகள் கிடைக்கும். நம் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இது சரியாக 4000 சுற்று. நான்கு சிலிண்டராயின் 3000. இதைக் காயிலின் இடத்தில் கொடுத்து, விளக்கு எரியத் தொடங்கும் வரை ப்ரீசெட்டைத் திருகுங்கள். ஓட்டையின் மொத்தத் தடை ஏறக்குறைய 227 கிலோ ஓம் ஆக இருக்கும். மின்தேக்கி சற்று முன்பின் இருந்தால் இதுவும் மாறும். டிரான்ஸ்ஃபார்மரின் உள்முனையில் இருப்பது 230 வோல்ட். மாணவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்த வேகத்தில் விளக்கு எரிய வேண்டும்? 5000 சுற்றைத் தாண்டக் கூடாது என்றால் 5000இல் எரிய வைப்பதே சரி என்று தோன்றும். அப்படிச் செய்தால் விளக்கு எப்போதும் பிந்தியே வரும். நம் குடம் நிரம்பச் சுமார் ஐந்தில் ஒரு நொடி பிடிக்கிறது. விளக்கைக் கண்டு கால் கிளட்சை மிதிக்க இன்னும் கால் நொடி. இரண்டாம் கியரில் எஞ்சின் நொடிக்கு 1000 சுற்று வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இதற்குள் 450 சுற்று கடந்துவிடும். ஆகவே 4500க்கு வையுங்கள்: 227ஐ 4000ஆல் பெருக்கி 4500ஆல் வகுத்தால் 202 கிலோ ஓம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் பார்த்துத் திருகுங்கள். முதல் கியரில் ஏற்றம் இன்னும் விரைவு. அங்கே சற்று முந்தியே மாற்றப் பழகுங்கள். உங்கள் வண்டிக்குரிய எல்லையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடத்தைச் சிறியதாக்கினால் தாமதம் குறையாதா? குறையும். ஆனால் ஒவ்வோர் உழக்குக்கும் நீர்மட்டம் குதித்து, விளக்கு எல்லைக்கு அருகே சிமிட்டும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் ஒளி ஆடாமல் நிற்கும். ஆனால் இரண்டு நொடி தாமதம். 1 மைக்ரோஃபாரட் இரண்டுக்கும் நடுவான சமரசம்.

அன்றாட ஓட்டத்துக்கு 3000 சுற்றில் வைத்தால் இதே விளக்கு பெட்ரோல் சிக்கனத்துக்கும் உதவும். டீசல் எஞ்சினில் பொறி இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய கார்களின் கம்பிகளில் கை வைக்காதீர்கள். இறங்கு கியர் மாற்றத்தில் தவறினாலும், அதாவது நான்கிலிருந்து மூன்றுக்குப் பதில் ஒன்றில் விழுந்தாலும், சக்கரங்களே எஞ்சினை இழுத்துச் சுழற்றிவிடும். அப்போது விளக்கு எரிவதற்குள் சேதம் நடந்திருக்கும். அந்த இடத்தில் கைதான் கவனமாக இருக்க வேண்டும்.