பாட்டி வீணை பறந்த கதை

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் தாய்மார்கள் என்னென்ன கொண்டு போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்பளம், வடகம், சுக்கு, பிரசவ லேகியம்... நானும் 2023 ஜனவரியில் இவற்றைத்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். விசா தாமதமானதால், குழந்தை பிறந்து 3 மாதம் கழித்துத்தான் நியூஜெர்சிக்குக் கிளம்ப முடிந்தது.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அப்பளமெல்லாம் இங்கேயே கிடைக்குது. பாட்டியோட வீணையைக் கொண்டு வர முடியுமா?"

வேறு சமயமாயிருந்தால் "போடி பைத்தியமே!" என்றிருப்பேன். ஆனால் ஒரு மாதமாகவே அவள் குரல் சரியில்லை. "சாப்பிட்டியா?" என்றால் "தெரியலை" என்பாள். குழந்தை அழுவது போனில் கேட்கும்; அவள் எழுந்து போகும் சத்தம் கேட்காது. அந்த ஒரு மாதத்தில் அவளாக வாய் திறந்து கேட்டது இந்த வீணை ஒன்றைத்தான். "கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "நாலரை அடி நீளம். அது என்ன கைப்பையா, தோளில் மாட்டிக்கிட்டுப் போக?"

ஆசாரி சொன்ன புத்தி

அது என் அம்மா 1958-ல் தஞ்சாவூரில் வாங்கிய வீணை. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. ஓரமெல்லாம் வெள்ளை வேலைப்பாடு. "அத்தனையும் யானைத் தந்தம்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அதைத் தஞ்சாவூருக்கே எடுத்துப் போய், வீணை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். தந்தம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "தந்தமா இருந்தா ஆசையை விட்டுடுங்கம்மா. அனுமதிப் பத்திரம் இல்லாம நாடு விட்டு நாடு கொண்டு போக முடியாது. மான் கொம்பா இருந்தாலும் வம்புதான்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கவலையை விடுங்க. இது பிளாஸ்டிக்!"

அறுபது வருஷத்துப் பெருமை ஒரு நொடியில் போயிற்று. ஆனால் அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய வீணை இருந்தால் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதானால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது.

பெரியவர் மேலும் சில விஷயங்கள் சொன்னார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதிந்து நிற்கின்றன. வெயிலில் கிடந்தால் மெழுகு இளகும், கடுங்குளிரில் வெடிக்கும். ஆகையால் பயணத்துக்கு முன்னும் பின்னும் வெயிலிலோ, பூட்டிய காரிலோ பெட்டியை விடக்கூடாது. சுரைக்காயைத் திருகிக் கழற்றித் தனியே எடுத்துப் போக வேண்டும். யாளி முகத்தின் கழுத்துக்கும் பிரடைகளுக்கும் கீழே மெத்தென்று துணி கொடுக்க வேண்டும். கடைசியாக, "தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்க. அரைச் சுற்று போதும்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

விமான நிலையத்தில்

ஃபைபர் பெட்டி வாங்கினோம். உள்ளே நுரைப்பஞ்சு இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவின் பழைய நூல் புடவைகள் நாலைத் துவைத்து மடித்து, இடுக்குகளில் எல்லாம் திணித்தேன். வீணையை ஆட்டிப் பார்த்தால் உள்ளே அசையக்கூடாது, அதுதான் கணக்கு. பெட்டியோடு 19 கிலோ வந்தது. எடை பரவாயில்லை, அளவுதான் தகராறு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான விமானங்களில் வழக்கம். வீணைப் பெட்டி நீளத்திலேயே அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடும்! கூடுதல் கட்டணம் கட்டினோம்.

சுரைக்காய் என் கைப்பையில் இருந்தது. பாதுகாப்புச் சோதனையில் அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றாள்.

"சுரைக்காய்."

"சுரைக்காயா? சமைக்கவா?"

வீணையுடையது, காகிதக் கூழில் செய்தது என்று விளக்குவதற்குள் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உபரித் தந்திச் சுருளையும் திருப்புளியையும் பெரிய பெட்டியில் வைத்திருந்தேனோ, பிழைத்தேனோ!

சிரிப்பு வராத விஷயம் அதற்கு முன்பே கவுன்ட்டரில் நடந்திருந்தது. "உடையக்கூடிய பொருள், சேதமானால் எங்கள் பொறுப்பல்ல" என்ற ரீதியில் ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பின்னால் நீண்ட வரிசை. நான் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். பெட்டி பட்டையில் ஏறி, ரப்பர் திரைக்கு அப்பால் போயிற்று. அம்மாவை யாரோ தெரியாதவர்களோடு அனுப்பி வைத்ததுபோல் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும்

அங்கே இறங்கியதும் மற்றப் பெட்டிகள் வந்தன, வீணை வரவில்லை. என் கை கால் ஓடவில்லை. பெரிய சாமான்களுக்கென்று தனி வாசல் உண்டு என்று ஒரு பெண் கைகாட்டினாள். அங்கே சுவரோரமாக நின்றிருந்தது, ஒரு சக்கரம் இல்லாமல்.

வீட்டில் போய்த் திறந்தோம். மரத்தில் ஒரு கீறல் இல்லை. யாளி முகம் பத்திரம். ஆனால் குதிரை சாய்ந்து புடவை மடிப்பில் கிடந்தது! மேல் ஸ்தாயிப் பக்கம் மெழுகு வெடித்து, கடைசி இரண்டு மெட்டுகள் ஆடின.

உடனே தஞ்சாவூருக்கு வீடியோ போன். பெரியவர் பார்த்துவிட்டு, "தந்தியை எவ்வளவு தளர்த்தினீங்க?" என்று கேட்டார்.

"பயமா இருந்தது. முழுசாத் தளர்த்திட்டேன்."

"நான் அரைச் சுற்றுதானேம்மா சொன்னேன்? குதிரையை ஒட்டலை. தந்தி அழுத்தற அழுத்தத்துலதான் அது நிக்குது."

குதிரையை எங்கே வைப்பது? ஒரு நூல் தள்ளினாலும் சுருதி சேராது. பென்சிலால் அடையாளம் போட எனக்குத் தோன்றவே இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரை சோபாவில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்தாள். போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, மேல் பலகையை உற்றுப் பார்த்தாள். "அம்மா, இங்க பாரு. கால் தடம் இருக்கு."

இருந்தது! இத்தனை வருஷம் குதிரை நின்ற இடத்தில் மெருகு ஏறாமல் இரண்டு மங்கலான தடங்கள். அதன்மேல் குதிரையை நிறுத்தித் தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "ஆடற மெட்டு ரெண்டையும் தொடாம வாசி பாப்பா" என்றார் பெரியவர், போனில் இருந்தபடியே.

சின்ன வயசில் வாசித்த சரளி வரிசையைத்தான் வாசித்தாள். இரண்டாவது வரிசையில் அழுதாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

வீணை வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். பிள்ளை பெற்ற பின் வரும் இந்த மனத்தளர்ச்சி "சும்மா சோம்பல்" இல்லை, வைத்தியம் உண்டு. மறுவாரமே மாப்பிள்ளை அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். மருந்தும் ஆலோசனையும் ஆறு மாதத்துக்கு மேல் நடந்தன. தினமும் அரைமணி வீணையும் கூடவே நடந்தது. அந்த அரைமணி குழந்தை என் மடியில்.

நீங்கள் கொண்டு போவதானால்

* டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் அளவையும் எடையையும் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்க நிறுவன விமானங்களில் 2015 முதல் விதி தெளிவாக உண்டு: வயலின் போன்ற சிறிய வாத்தியம் மேல்தட்டில் இடமிருந்தால் கூடவே வரலாம்; பெரியதற்குத் தனி சீட் வாங்கலாம். செல்லோ வாசிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

* தந்தியைத் தளர்த்துங்கள், கழற்றிவிடாதீர்கள். குதிரை நிற்கும் இடத்தைப் படம் எடுத்து, மெல்லிய பென்சில் அடையாளமும் போடுங்கள்.

* மூடும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்தச் சீட்டிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

* சேதமிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பும் உண்டு: 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; ஏறக்குறைய 2,000 டாலர். வீணை அதைவிட விலை மதிப்பானால் தனியாக இன்ஷூர் செய்யுங்கள்.

* போய்ச் சேர்ந்ததும் அவசரமாகத் திறக்காதீர்கள். பெட்டி அறையின் சூட்டுக்குப் பழகட்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று மரத்தை உலர்த்தும். அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது.

* ஊருக்கு ஊர் போய்க் கச்சேரி செய்பவர்களானால், இரண்டாகப் பிரித்து எடுத்துப் போகும் வீணைகளும் கிடைக்கின்றன.

மறு வருஷம் பேரனின் முதல் பிறந்த நாள் முடிந்து அவர்கள் ஊருக்கு வந்தபோது வீணையும் வந்தது, மெழுகு போட. அந்தத் தடவை மகளே கட்டியிருந்தாள். பெரியவர் பெட்டியைத் திறந்தார். குதிரை நின்ற இடத்தில் நின்றது. தந்தியைத் தொட்டுப் பார்த்து, "அரைச் சுற்று" என்றார், என்னைப் பார்த்து.