ஊரை விடாமல் உலகை எட்டும் வேலை



களக்காட்டில் விளையும் வாழைத்தாரை வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப வேண்டுமானால் லாரி வேண்டும், டீசல் வேண்டும், தார் அடிபடாமல் இருக்க இடையிடையே சருகு வைக்க வேண்டும். வழியில் தாமதமானால் காய் பழுத்துவிடும். எடையுள்ள பொருளை நகர்த்த ஆற்றல் செலவாகும் என்று இயற்பியலில் படித்திருக்கிறீர்கள் அல்லவா?

இதே ஊரிலிருந்து, எடையே இல்லாத ஒரு விளைபொருளையும் அனுப்ப முடியும். அதுதான் மென்பொருள். ஆனாலும், "கம்ப்யூட்டர் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும்" என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு மென்பொருள் பொறியாளரின் அன்றாட வேலை, அவர் கையாளும் கருவிகள், அவர் செய்யும் பயணங்கள் ஆகியவற்றைப் பார்த்து இதற்கு விடை காண்போம்.

ஒரு நாள் உழைப்பின் அளவு

நம் ஊர் இளைஞர் ஒருவர் வீட்டு மாடியில் மடிக்கணினியுடன் அமர்ந்து இவ்வேலையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதும் கட்டளைத் தொகுப்பே நிரல் எனப்படும். நாள் முழுவதும் அவர் எழுதிக்கொண்டே இருப்பதில்லை. பிறர் எழுதியதைப் படிப்பதிலும், பிழை எங்கே என்று தேடுவதிலும் பெரும்பொழுது கழிகிறது.

ஒரே நிரலில் பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் கை வைத்தால் குழப்பம் வராதா? அதைத் தவிர்க்க, பின்லாந்தில் பிறந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் 'கிட்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்ற வரலாறு முழுவதையும் அது கணக்குப்பிள்ளையைப் போலக் குறித்து வைக்கிறது.

நம் இளைஞர் ஒரு நாளில் 200 வரிகள் எழுதுகிறார், வரிக்கு 40 எழுத்துகள் என்று கொள்வோம். மொத்தம் 8,000 எழுத்துகள். நிரல்களில் வழங்கும் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். ஆகவே அவருடைய ஒரு நாள் எழுத்து 8,000 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமோ சுமார் 30 லட்சம் பைட் இருக்கும். வகுத்துப் பாருங்கள், 375 வரும்! ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரே ஒரு புகைப்படத்தின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது.

இரவு ரயிலும் ஒளிக்கதிரும்

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 650 கி.மீ. இரவில் ஏறினால் காலையில்தான் எழும்பூரில் இறங்கலாம். இதே தூரத்தை ஒளி கடக்க எவ்வளவு நேரமாகும்?

வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. ஆகவே இழைக்குள் அதன் வேகம் 2 லட்சம் கி.மீ. ஆகக் குறைகிறது. 650-ஐ 2 லட்சத்தால் வகுத்தால் 0.00325 வினாடி, அதாவது 3¼ மில்லிவினாடி. அமெரிக்கா வரை இழைப் பாதை 15,000 கி.மீ. என்று கொண்டால், போய்த் திரும்ப 0.15 வினாடி. ஏறக்குறைய ஓர் இமைப்பொழுது!

தலைமயிர் போன்ற மெல்லிய இழைக்குள் ஒளி வெளியேறாமல் செல்வதற்குக் காரணம், நீங்கள் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான். பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1950-களில் லண்டனில் இழைக்கற்றை வழியே உருவங்களை அனுப்பிக் காட்டினார். ஆனால் அக்காலக் கண்ணாடி, சில மீட்டர் தூரத்திலேயே ஒளியை விழுங்கிவிடும். அதிலுள்ள மாசுகளே அதற்குக் காரணம் என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், தொலைத்தொடர்புக்கு உதவும் என்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன விஞ்ஞானிகள் அத்தகைய இழையைச் செய்து காட்டினர். இன்றைய நல்ல இழையிலோ, 100 கி.மீ. கடந்த பின்னும் அதே நூறில் ஒரு பங்கு மிஞ்சுகிறது! காவ் அவர்களுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இழைகள் கடலுக்கடியிலும் செல்கின்றன. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் சுமார் 3,200 கி.மீ. கடலடிக் கம்பிவடம் 2002-இல் அமைந்தது. நமக்கு அருகிலுள்ள தூத்துக்குடியிலிருந்தும் இலங்கையின் கல்கிசைக்கு 2006-இல் ஒரு வடம் இடப்பட்டது.

மின்சாரம் நின்றால்?

ஒளி வந்துவிட்டது, மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? மடிக்கணினிக்குள் லித்தியம் அயனி மின்கலம் இருப்பதால் அது சில மணி நேரம் தாங்கும். ஆனால் இணையத்தைத் தரும் மோடம் உடனே நின்றுவிடும். எனவே இன்வெர்ட்டர் தேவை.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ள ஆற்றல் 12 × 150 = 1,800 வாட்-மணி. மடிக்கணினிக்கு 40 வாட், மோடத்துக்கு 10 வாட், மின்விசிறிக்கு 70 வாட் என்று கொண்டால் மொத்தம் 120 வாட். கணக்குப்படி 15 மணி நேரம் வர வேண்டும். இழப்புகள் போக, அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? கணினியைவிட மின்விசிறியே அதிகம் செலவழிக்கிறது! 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறியை மாட்டினால், அதே பேட்டரி ஒன்றரை மடங்கு நேரம் உழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் மலையடிவாரத்தில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. பழைய தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே மின்னலின் மின்னோட்டம் வீட்டுக்குள் பாய்ந்துவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் மின்இணைப்பு வழியே ஆபத்து வரலாம்; ஆதலால் இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது.

பயணப் பையில் ஒரு பாடம்

மென்பொருள் பொறியாளரும் சில வேளைகளில் விமானத்தில் பறக்கத்தான் வேண்டியிருக்கிறது. 'பவர் பேங்க்' என்னும் துணைமின்கலத்தைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஏன்? லித்தியம் மின்கலம் உள்ளே பழுதடைந்தால் சூடேறி, அந்தச் சூடே மேலும் வினையைத் தூண்டித் தீப்பற்றலாம். கண்முன் இருந்தால் உடனே அணைக்கலாம் அல்லவா? 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட துணைமின்கலத்தில் இருப்பது 20 × 3.7 = 74 வாட்-மணி. ஆகவே எடுத்துச் செல்லலாம்.

வேலையே ஒளியாகப் பறக்கும்போது உடல் ஏன் பயணம் செய்ய வேண்டும்? வாழை ஏலக் கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதுபவரை எண்ணிப் பாருங்கள். தாரை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், எடைக்கழிவு எப்படிப் போடுகிறார்கள் என்று கடையில் நின்று பாராமல் எழுதினால், அம்மென்பொருள் யாருக்கும் உதவாது. பயன்படுத்துவோரின் பழக்கம் கம்பியில் வருவதில்லை.

மத்தளம்பாறை காட்டும் வழி

குற்றாலத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் மத்தளம்பாறை. 1996-இல் தொடங்கிய ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம், 2011-இல் தென்காசிப் பகுதியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அது மத்தளம்பாறையில் வளர்ந்து, உலகின் பல நாடுகளில் வழங்கும் மென்பொருள்களை உருவாக்கும் இடமாகியது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவிலிருந்து அவ்வூருக்கே குடிவந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்குப் பயிற்சி தரும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது.

இதனால் எல்லோரும் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று பொருளல்ல. 2020-இல் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை வாங்கிய நிறுவனங்கள் பல, பின்னர் ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டன. தொடக்க நிலையில் இருப்பவர், மூத்தவர் அருகில் அமர்ந்து கற்பதற்கு ஈடில்லை என்பதும் உண்மை. மேலும், ஒளியால் பூமியின் சுழற்சியை மாற்ற முடியாது. நியூயார்க்கில் குளிர்காலக் காலை 8.30 மணி என்றால் நமக்கு மாலை 7 மணி. அந்நாட்டாருடன் சேர்ந்து வேலை செய்பவருக்கு இரவுத் தூக்கம் குறையும். அது உடலுக்குக் கேடு.

ஆகவே முடிவு இதுதான்: இவ்வேலைக்குத் தூரம் ஒரு தடையல்ல. நல்ல இழை, நிற்காத மின்சாரம், கற்றுத்தரும் மனிதர்கள் ஆகிய மூன்றும் ஓர் ஊருக்கு வந்துவிட்டால், அங்கிருந்து போவதா இருப்பதா என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளே தீர்மானிக்கலாம். வேறு வழியின்றிப் போவது வேறு. விரும்பிப் போவது வேறு அல்லவா?

செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில், ஆசிரியர் உதவியுடன் 'பிங்' என்னும் கட்டளையைக் கொடுத்து, ஏதேனும் ஓர் இணையதளத்தை அழையுங்கள். பதில் வந்து சேர்ந்த நேரம் மில்லிவினாடியில் தெரியும். அந்த எண்ணை 100-ஆல் பெருக்குங்கள். 30 மில்லிவினாடி என்றால் 3,000. பதில் தந்த கணிப்பொறி இழைப் பாதையில் 3,000 கி.மீ.க்கு அப்பால் இருக்கவே முடியாது! ஏன் 100-ஆல் பெருக்குகிறோம்? இழைக்குள் ஒளியின் வேகத்தையும், அது போய்த் திரும்புவதையும் எண்ணிப் பார்த்தால் விடை உங்களுக்கே விளங்கும்.