பொறுமை பிறக்கும் இடம்

இன்றைய சிறு இன்பத்தைத் துறந்து நாளைய பெரும் பயனை நாடுதல் மாணவர்க்கு இன்றியமையாத பண்பு. அஃது எங்ஙனம் வாய்க்கின்றது?

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் உளநூல் அறிஞர் வால்ட்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் இதனை ஆராயத் தொடங்கினார். ஓர் இனிப்பைக் குழந்தையின் முன் வைத்து, சிறிது நேரம் உண்ணாதிருந்தால் இரண்டு தருவதாகக் கூறி அகன்றனர். இனிப்பையே நோக்கியிருந்தோர் பெரும்பாலும் விரைவில் தோற்றனர். கண்ணை மூடியும், பாட்டுப் பாடியும் மனத்தை வேறிடம் திருப்பியோர் நெடுநேரம் பொறுத்தனர்.

ரொச்செஸ்டர் சர்வகலாசாலையார் 2012இல் வெளியிட்ட ஆய்வோ மற்றோர் உண்மையைக் காட்டிற்று. வர்ணந் தீட்டும் பொருட்கள் தருவதாகச் சொல்லி, முதலில் வெறுங்கையுடன் திரும்பியவரை நம்பிக் குழந்தைகள் சராசரி 3 நிமிடமே காத்திருந்தனர். சொன்னபடி கொணர்ந்தவரை நம்பியோர் 12 நிமிடம் காத்திருந்தனர். 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், குடும்ப நிலையையும் கணக்கிற் கொண்டபோது, இப்பொறுமைக்கும் பிற்காலத் தேர்ச்சிக்குமுள்ள தொடர்பு பெரிதும் குன்றிற்று. ஆதலின், பொறுக்கமாட்டாத பிள்ளையை உருப்படாதவனென்று தள்ளிவிடுதல் தகாது.

மாணவர்களே, படிக்கும் வேளையில் கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பெற்றோர்களே, பரீட்சை முடிந்ததும் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பின் தவறாது வாங்கிக் கொடுங்கள். இயலாதெனின் முன்னரே வாக்களியாதீர்கள். சொன்ன சொல் நிற்கும் வீட்டிலேயே பிள்ளையின் பொறுமையும் நிலைக்கும்.