மனக்காயத்தையும் கணக்கில் எடுங்கள்
வன்கொடுமை நடந்த சேரிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். எரிந்த வீடுகளை எண்ணுகிறார்கள். இரவில் அலறி எழும் பிள்ளையை யாரும் எழுதிக்கொள்வதில்லை. நாமும் ‘பயந்த கோளாறு’ என்று கடன் வாங்கி மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்; கட்டணமில்லை.

மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சே என்பார்கள். நியாயம்தான். விசாரணைக்கு வருவோருக்குப் பயணப்படியும் தினப்படியும், பாதிக்கப்பட்டவரின் மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனைச் செலவும் தரச் சொல்கிறது 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11-ஆவது விதி. அதைக் காட்டி மனநல ஆலோசனைச் செலவையும் ஆட்சியரிடம் மனுவாகக் கேளுங்கள். மாணவர்களே, அந்த மனுவை நீங்கள் எழுதிக்கொடுங்கள். முதல் நாள் துணைக்கும் போங்கள்.