தரங்கம்பாடிக்கு எங்கே இறங்குவது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மேப்பை அப்புறம் பார்க்கலாம். தரங்கம்பாடி போக வேண்டும் என்பவர்கள் முதலில் ரயிலைத்தான் விசாரிக்கிறார்கள். ஊர்வரை ரயில் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது. 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக மீட்டர் கேஜ் பாதை போட்டு வண்டி விட்டார்கள். 1980-களில் நிறுத்தினார்கள், அதோடு சரி. இப்போது அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு பஸ் போகிறது.

ஆகவே எந்த ரயில் என்பதைவிட எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பதுதான் கேள்வி. காரைக்கால் சுமார் 15 கிலோமீட்டர், மயிலாடுதுறை சுமார் 30. தூரத்தைப் பார்த்தவர் யாரும் காரைக்காலுக்குத்தான் டிக்கெட் எடுப்பார். ஆனால் சென்னையிலிருந்து காரைக்கால் போகும் வண்டியும் மயிலாடுதுறைக்கு வந்து, அதற்குமேல் தெற்கே போய்ச் சுற்றிக்கொண்டுதான் காரைக்காலைப் பிடிக்கிறது. பகலில் வருகிறவர் அந்தச் சுற்றுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. காலையில் எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு மயிலாடுதுறையில் இறங்கிவிடலாம்.

ராத்திரி வண்டி என்றால் கணக்கே வேறு. அது மயிலாடுதுறைக்கு வரும்போது ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். பெட்டியை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் கொசுக்கடியில் உட்காருவதற்கு, பேசாமல் காரைக்கால் வரை படுத்துத் தூங்குங்கள். அங்கிருந்து சீர்காழி, சிதம்பரம் பக்கம் போகும் பஸ்கள் தரங்கம்பாடி வழியாக வரும்.

மயிலாடுதுறையில் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஆட்டோ பேசத்தான் வேண்டும். பஸ்ஸில் காரைக்கால் என்று மட்டும் போர்டு இருந்தால் எந்த வழி என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், வேறு தடமும் உண்டு. பொறையாறு போர்டு என்றால் பயமில்லை. பக்கத்து ஊர்தான், அங்கே இறங்கினாலும் ஆட்டோவில் வந்துவிடலாம்.

கிளம்புவதற்குமுன் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுவது நல்லது. வழியில் இருப்பது திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அங்கே சேர்ந்தாற்போல் நடக்கும். மாலை வாடாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா, பட்டுப்புடவையில் பாட்டி, பின்னால் கட்டைப்பையும் பாத்திரமுமாகப் பேரன் பேத்திகள் என்று பஸ் திருக்கடையூர் தாண்டும்வரை நிற்க இடமிருக்காது. டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குக் கிளம்பினால், உள்ளூர் வண்டிகள் அவர்கள் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

காரில் வருகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று சுமார் 280 கிலோமீட்டர். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அரை நாளுக்குமேல் ஆகிவிடும்.

பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளைக் கோட்டைவாசல். அதற்குள் நுழைந்தால் ராஜவீதி, அது முடிகிற இடத்தில் கோட்டையும் கடலும். பெட்டி கனமில்லை என்றால் நடந்தே போங்கள். ஆட்டோவில் போனால் வாசலைப் பார்ப்பதற்குள் தாண்டிவிடும்.

கடல் வழியாக வர முடியாதா என்று ஒருவர் கேட்டார். 1706-ல் மிஷனரி சீகன்பால்கு அப்படித்தான் வந்தார், கோபன்ஹேகனிலிருந்து ஏழு மாதத்துக்குமேல் ஆயிற்று. இன்றைக்குத் தரங்கம்பாடிக்குப் பயணிகள் கப்பல் எதுவும் வருவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023-ல் கப்பல் விட ஆரம்பித்தார்கள், கடலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், நடுவிலும் நின்று நின்றுதான் ஓடியிருக்கிறது. அதனால் கப்பல் உறுதியான பிறகே மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். நாகையில் இறங்கினால் நாகூர், காரைக்கால் வழியாக பஸ்ஸில் சுமார் 35 கிலோமீட்டர்.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அந்தப் பக்கமிருந்து வந்தால் நண்டலாறு செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். சந்தேகம் வந்தால் பையைத் திறக்கச் சொல்வார்கள். காருக்கு காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. மது பாட்டில் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.