மேலதிக லைட் எரியாவிட்டால் குற்றமா?



போன மாதம் ஒருநாள் சாயந்தரம், கொழுந்து லொறி ஓட்டும் தம்பி ஒருவர் பொலிஸ் கொடுத்த சீட்டோடு என்னிடம் வந்தார். முகம் வாடிப்போய் இருந்தது. "ஐயா, பம்பருல இருக்கிற பொக் லைட் ரெண்டும் நாங்களா போட்டதுங்க. லொறியோட வந்தது இல்ல. அது எரியலன்னு எப்பிடிங்க குத்தம் எழுதலாம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். லொறி, வேன் ஓட்டுகிறவர்கள் நம் லயங்களில் பலபேர் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு வாகனத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய லைட் உண்டு: முன்னால் ஹெட்லைட், பின்னால் சிவப்பு லைட், பிரேக் லைட், சிக்னல், நம்பர் தகட்டுக்கான லைட். இவை உடைந்தாலோ எரியாவிட்டாலோ குற்றம். பிரேக் லைட்டும் சிக்னலும் பட்டப்பகலிலும் வேலை செய்ய வேண்டும். "பகல்தானே" என்ற பேச்சு எடுபடாது. நாமாக விரும்பிப் பூட்டும் லைட் வேறு வகை. அமெரிக்காவில் லொறிகளுக்கான மத்திய அரசின் விதி, கட்டாய லைட் எல்லாம் எந்நேரமும் எரியக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கட்டாயமில்லாத லைட் எரியாததை அது குற்றமாகக் கொள்வதில்லை. பிரித்தானியாவிலோ பிரேக் லைட், சிக்னல் என்றால் மேலதிகமாகப் பூட்டியதும் எரிந்தே ஆக வேண்டும்.

நம் நாட்டில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். இங்கே கேள்வியே வேறு மாதிரி வரும். அந்த லைட் எரிகிறதா என்பதற்கு முன்னால், அதை யாரைக் கேட்டுப் பூட்டினாய் என்றுதான் கேட்பார்கள். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தோடு பஸ், முச்சக்கரவண்டி முதலியவற்றில் முறையில்லாமல் பூட்டிய மேலதிக சாமான்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியது ஞாபகம் இருக்கும். பஸ் சங்கங்கள் எதிர்த்துச் சத்தம் போட்டன. ஆகவே மேலதிக லைட் எரிந்தாலும் வம்பு வரலாம், எரியாவிட்டாலும் வரலாம்.

சரி, தம்பியின் சீட்டுக்கு வருவோம். கையால் எழுதிய பகுதி முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தால், பொக் லைட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பின்பக்கச் சிவப்பு லைட் இரண்டும் எரியவில்லை என்றுதான் இருந்தது! சீற்றில் உட்கார்ந்திருக்கிறவருக்கு முதுகுப் பக்கம் இருட்டாகக் கிடப்பது எப்படித் தெரியும்?

மறுநாள் கராஜில் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பொக் லைட்டுக்குத் தனி பியூஸ், ரிலே ஒன்றும் வைக்கவில்லை. பார்க் லைட் வயரைச் சுரண்டி அதிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். கல் பட்டுக் கண்ணாடி உடைந்த பொக் லைட்டுக்குள் மழைத்தண்ணி இறங்கி, ஷோர்ட் ஆகி, பியூஸ் போய்விட்டது. பின் லைட்டுக்கும் அதே பியூஸ். உடைந்த லைட்டைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லைதான். ஆனால் சட்டம் கேட்கிற லைட்டை அது அணைத்துவிட்டது. வட்டவளைப் பக்கம் மூடுபனி இறங்கும் ஆறு மணிக்கு, பின் லைட் இல்லாத லொறியின் பின்னால் ஒரு முச்சக்கரவண்டி வந்தால் என்ன ஆகும்? அதில் நம் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வந்துகொண்டிருக்கலாம்.

பனியைப் பற்றி இன்னொன்று. கூரைமேல் பூட்டும் பெரிய லைட் பனிக்கு உதவாது. வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஹெட்லைட்டில் ஹை பீம் போட்டாலும் அதே கதை. பனியில் டிம் போட்டு மெல்ல வருவதுதான் சரி.

சீட்டில் இரண்டு வகை உண்டு. தண்டப்பணச் சீட்டு என்றால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 28 நாள்வரை இரட்டிப்பு, அதற்கும் மேலே போனால் வழக்கு. வழக்குச் சீட்டு என்றால் அதில் போட்டிருக்கும் திகதியில் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் அன்றைக்கே என்னிடமோ கந்தோர் கிளாக்கரிடமோ காட்டுங்கள். சட்டைப் பையில் மடித்து வைத்து நாள் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டு வருவது ஓட்டுகிறவர் பெயருக்கு. லொறி தோட்டத்துடையது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கும் மனசு ஒப்பவில்லை. அதனால் காலையில் லொறியை எடுக்கும்போது கிளீனரைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சிக்னல் போட்டு, சிவப்பு லைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுது இருந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் லொறிப் புத்தகத்தில் திகதி போட்டு எழுதி, கந்தோரில் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் அந்தக் கையெழுத்து உங்களுக்காகப் பேசும்.

தம்பியின் லொறியில் பொக் லைட் இரண்டையும் கழற்றியாயிற்று. வயருக்கு டேப் சுற்றி, புது பியூஸ் போட்டதும் பின் லைட் எரிந்தது. பம்பரில் இரண்டு ஓட்டை மட்டும் மிச்சம் இருக்கிறது.